உஷுவாயாவில் ஒரே ஒரு நாள்: ரயிலை விட்டுவிட்டுப் படகு மட்டும் போதுமா?

கோவை வாசகர் கேள்வி | ஜனவரி 6, மாலை 6.05

பிப்ரவரி கடைசியில் அர்ஜென்டினா போகிறோம். தெற்குக் கோடியில் உஷுவாயாவில் எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான். ‘உலகக் கடைசி ரயில்’ என்று பெரிதாகச் சொல்கிறார்கள், பார்த்தால் வெறும் 7 கி.மீ. ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு இந்தப் பொம்மை ரயில் எதற்கு? ரயிலைத் தள்ளிவிட்டு பீகிள் கால்வாயில் படகு மட்டும் போகலாம் என்று நினைக்கிறேன். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு 10.20

விட்டுவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முழு சர்வீஸையும் முடித்தவன். ஊட்டி எஞ்சின்கள் பழுது பார்க்க எங்களிடம்தான் வரும். அந்த உரிமையில் சொல்கிறேன், இரண்டையும் ஒப்பிடவே கூடாது. ஊட்டி ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலம், 46 கி.மீ. நீளம், பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுகிற வண்டி. இது 500 மி.மீ. கேஜ், அதில் சரிபாதி. பிப்போ என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கில் நிதானமாக ஊர்ந்து போகிறது, அவ்வளவுதான். பாலம், குகை, செங்குத்து ஏற்றம் என்று தேடிப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள்.

பார்க்க வேண்டியது ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். காலையில் எழுதுகிறேன்.

ஜனவரி 7, காலை 5.50

1902-ல் உஷுவாயாவில் சிறை கட்ட ஆரம்பித்தார்கள். கட்டியவர்களும் கைதிகளேதான். திரும்பத் திரும்பக் குற்றம் செய்து மாட்டியவர்கள், கொலைகாரர்கள், அரசியல் கைதிகள் எல்லாரையும் வடக்கிலிருந்து கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். தப்பினால் எங்கே போவது? ஒரு பக்கம் பனிமலை, மறுபக்கம் விழுந்தால் விறைத்துப்போகும் கடல்.

சிறைக்கும் ஊருக்கும் அடுப்பெரிக்க, குளிர்காய, வீடு கட்ட மரம் வேண்டும். முதலில் மரச் சட்டங்களையே தண்டவாளமாகப் போட்டு மாடு பூட்டி இழுத்தார்கள். 1910 வாக்கில் 600 மி.மீ. கேஜில் இரும்புத் தண்டவாளம் வந்தது, நீராவி எஞ்சினும் வந்தது. கிட்டத்துக் காடு தீரத் தீர பாதை உள்ளே உள்ளே நீண்டுகொண்டே போய், கடைசியில் 25 கி.மீ. ஆனது. கைதிகள் காலையில் திறந்த வேகனில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள், சாயங்காலம் தாங்கள் வெட்டிய மரத்தின் மேலேயே உட்கார்ந்து திரும்புவார்கள்.

1947-ல் சிறையை மூடினார்கள். 1949-ல் வந்த நிலநடுக்கத்தில் பாதை மண்ணோடு மூடிக்கொண்டது. ஒருவழியாகச் சரிசெய்து ஓட்டிப் பார்த்து, 1952-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஓடுவது 1994-ல் சுற்றுலாவுக்காகப் புதிதாகப் போட்ட பாதை. ஊரிலிருந்து மேற்கே 8 கி.மீ. தள்ளி ஸ்டேஷன். அங்கிருந்து பழைய பாதையின் கடைசிப் பகுதியை ஒட்டி, டியெரா டெல் ஃபுவேகோ தேசியப் பூங்காவுக்குள் கொண்டுபோய் விடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் பயணம் முடிந்துவிடும்.

இனி கட்டைகள் விஷயம். மரக் கல்லறை என்று அங்கே ஒரு வெட்டவெளி வரும். புல்லும் சதுப்புமாக இருக்கிற இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறத்தில் அடிக்கட்டைகள். குளிரில் மரம் லேசில் மக்காது. நூறு வருஷம் ஆகியும் அப்படியே நிற்கின்றன. என் மனைவிதான் முதலில் கவனித்தாள். “என்னங்க, ஒண்ணு குட்டையா இருக்கு, ஒண்ணு நெஞ்சு உசரம் இருக்கு. ஒரே ஆளுங்க வெட்டினதுதானே?”

ஒரே ஆட்கள்தான், வேறு வேறு பருவம். கோடையில் வெட்டினால் தரையோடு ஒட்டி வெட்டலாம். குளிர்காலத்தில் பனி இடுப்பளவு கிடக்கும், அந்தப் பனி மேல் நின்று ரம்பம் போடுவார்கள். பனி கரைந்த பிறகு பார்த்தால் கட்டை உயரமாக நிற்கும். ஆக, கட்டையின் உயரத்தைப் பார்த்தே அந்த மரம் எந்தப் பருவத்தில் விழுந்தது, அன்று பனி எவ்வளவு கிடந்தது என்று சொல்லிவிடலாம். அந்த நெட்டைக் கட்டைகளை எண்ணத் தொடங்கினேன், பாதியில் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் யாரோ ஒருவன் கை விறைக்க விறைக்க நின்ற ஒரு பொழுது.

இதைப் பார்க்காமல் படகில் மட்டும் ஏறி, அழகான மலை, அழகான தண்ணீர் என்று திரும்பி வருவது அந்த ஊருக்குச் செய்கிற நியாயமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜனவரி 7, மதியம் 1.10

மதுரைக்காரர் கேட்டிருக்கிறார்: அந்தக் கட்டையெல்லாம் பீவர் என்கிற, மரத்தைக் கடித்து அணை கட்டுகிற விலங்கு கடித்துத் தள்ளியது என்று யாரோ வீடியோவில் சொன்னார்களே, அது பொய்யா?

பீவர் சேதமும் அங்கே உண்டு, ஆனால் அது தனிக்கதை. பீவர் கடித்த மரம் பென்சில் சீவினது போல் கூம்பாக முனை வைத்து நிற்கும், பல் தடம் வரிவரியாகத் தெரியும். ரம்பம் போட்டது தட்டையாக இருக்கும். மக்கரேனா ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும், மேலே ஏறி ஒரு சின்ன அருவியைப் பார்க்கலாம். அந்த வழியில் ஒரு கட்டையைக் குனிந்து நிதானமாகப் பார்த்தேன். மேல் முகம் பலகை போல் சமம். நடுவிலிருந்து விளிம்பு வரை கதிர் கதிராக வெடிப்பு. ஓர் ஓரத்தில் கோடாலியால் முதலில் போட்ட கொத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ரம்பம் வந்து முடிந்த இடத்தில் பிய்ந்த நார். வெடிப்பு முழுக்க வெளிர் பச்சைப் பாசி. கட்டைக்குக் காற்றுப் படாத பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவு இலையோடு ஒரு லெங்கா மரக்கன்று. அந்தக் காட்டின் முக்கிய மரம் லெங்காதான். மெதுவாகத்தான் வளரும்.

பீவர் எப்படி வந்தது என்றால், 1946-ல் ரோம வியாபாரம் தொடங்கலாம் என்று கனடாவிலிருந்து 20 பீவர்களைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டார்கள். வியாபாரம் நடக்கவில்லை. அந்தத் தீவில் பீவரைத் தின்ன கரடி இல்லை, ஓநாய் இல்லை. பெருகிப் பெருகி இன்றைக்கு லட்சக் கணக்கு சொல்கிறார்கள். கனடாவில் பீவர் கடித்த மரங்களில் பல மறுபடி துளிர்க்கும். லெங்கா துளிர்க்காது, வேர் தண்ணீரில் ஊறினாலும் செத்துவிடும். பூங்காவுக்குள் அணை கட்டிய குட்டைகளில் மரங்கள் வெள்ளையாக நின்றபடியே செத்திருக்கும். சிலியும் அர்ஜென்டினாவும் சேர்ந்து 2008-ல் ஒப்பந்தமே போட்டன, பீவரை ஒழிப்பதென்று. இன்னும் முடிந்தபாடில்லை.

ஜனவரி 7, இரவு 9.30

எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நம் ஆட்கள் இரண்டு பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். கேட்டதே போதும். எஞ்சின் வேண்டாதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போய்விடுங்கள்.

அங்கே இருக்கிற நீராவி எஞ்சின்களில் இரண்டு காரட் வகை. காரட் என்றால் நடுவில் பாய்லர், முன்னும் பின்னும் தனித்தனியாக இரண்டு சக்கரத் தொகுதி, பாய்லர் அவற்றுக்கு நடுவே பாலம் போலத் தொங்கும். பாய்லருக்குக் கீழே சக்கரம் கிடையாது என்பதால் கரி எரிகிற ஃபயர் பாக்ஸை வேண்டிய அகலத்துக்குக் கட்டலாம், வளைவிலும் வண்டி நன்றாக மடங்கும். இவ்வளவு ஒடுக்கமான கேஜில் பயணிகள் வண்டியை இழுக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. நம் பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் பெரிய பெரிய காரட்டுகள் சரக்கு இழுத்தன. உலகத்தின் முதல் காரட் 1909-ல் டாஸ்மேனியாவுக்குப் போனது, அதுவும் தெற்குக் கோடி, அதுவும் ஒடுக்கமான பாதை.

ஒரு எஞ்சினில் ‘எல்.டி. போர்ட்டா’ என்று பெயர் எழுதியிருக்கும். லிவியோ டாந்தே போர்ட்டா, அர்ஜென்டினாக்காரர், 2003-ல் காலமானார். உலகமே நீராவியைக் கைகழுவிய காலத்தில், நீராவி எஞ்சினை இன்னும் எவ்வளவோ மேம்படுத்தலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய மனிதர். நெருப்புப் படுகையைத் தடிமனாக வைத்து, அடியிலிருந்து வரும் காற்றைக் குறைத்து, கொஞ்சம் நீராவியையும் கலந்து விட்டால் கரி முதலில் வாயுவாக மாறும். அந்த வாயுவை மேலே தனியாகக் காற்றுவிட்டு எரித்தால் கரித்தூள் புகைபோக்கி வழியாக வீணாகப் பறக்காது, அடியில் கட்டி தட்டாது. அதே பாட்டகோனியாவில் ரியோ துர்பியோ நிலக்கரிப் பாதையில் செய்து காட்டினார். 750 மி.மீ. பாதையில் அந்தச் சின்ன எஞ்சின்கள் இழுத்த பாரத்தைக் கேட்டால் நம் ஆட்கள் நம்ப மாட்டார்கள். அவர் பெயரை அந்த எஞ்சின் மேல் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருபதாண்டு முன்னால் இந்தப் பெயரைச் சொன்னால் தெரியும் என்று சொல்ல நாலு பேர் இருந்திருப்பார்கள்.

‘கமிலா’ என்று இன்னொன்று உண்டு, இங்கிலாந்தில் செய்து வந்தது. டீசல் எஞ்சின்களும் இருக்கின்றன. உங்கள் வண்டிக்கு எது மாட்டும் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

ஜனவரி 8, காலை 6.30

ஸ்டேஷனில் கைதி உடுப்புப் போட்ட ஆள் கூட நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணம் அக்கா அதைக் கேட்டிருந்தார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்குமா என்று. பிடிக்கும். நான் நிற்கவில்லை. பனியில் நின்று மரம் வெட்டியவனுடைய உடுப்பைப் பக்கத்தில் வைத்துச் சிரித்து நிற்க மனசு வரவில்லை.

என் மகள் வேறு மாதிரி சொன்னாள். “அப்பா, அந்த உடுப்பைப் பார்த்துத்தான் பக்கத்து சீட்டுப் பையன் அவங்கம்மாகிட்ட யாரு இவங்க, என்ன தப்பு செஞ்சாங்கன்னு வழி முழுக்கக் கேட்டுக்கிட்டே வந்தான். இல்லேன்னா கேட்டிருப்பானா?” அதிலும் விஷயம் இருக்கிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படம் எடுக்கிறவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன். எடுத்த கையோடு குழந்தைக்கு அந்தக் கட்டைகளையும் காட்டிவிடுங்கள்.

ஜனவரி 8, மாலை 7.45

இனி படகு.

பீகிள் கால்வாய் என்கிறோமே தவிர யாரும் வெட்டியதல்ல, பனிப்பாறை குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தது. 240 கி.மீ. நீளம், ஒடுங்கிய இடத்தில் 5 கி.மீ. அகலம்கூட வராது. வட கரை இங்கே அர்ஜென்டினா, தென் கரையில் நவாரினோ தீவு சிலி. எல்லை தண்ணீருக்கு நடுவே ஓடுகிறது. இந்தக் கால்வாயின் கிழக்கு வாயில் இருக்கிற மூன்று சின்னத் தீவுகளுக்காக 1978-ல் இரண்டு நாடுகளும் போர் விளிம்பு வரை போய், போப்பாண்டவர் நடுவில் வந்து, 1984-ல்தான் ஒப்பந்தம் ஆனது. அங்கே நின்று பார்த்தால் இரண்டு கரையும் ஒரே மலை, ஒரே காடு, ஒரே மேகம்.

மதியம் 3 மணி வாக்கில் ஊர்ப் படகுத்துறையிலிருந்து கட்டமரான் என்கிற இரட்டை உடல் படகு புறப்படும். வழக்கமான சுற்று இரண்டரை, மூன்று மணி நேரம்: பறவைத் தீவு, கடல் சிங்கத் தீவு, லெ எக்லேரர் கலங்கரை விளக்கம், திரும்ப ஊர். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இதமாக இருக்கும், எல்லாரும் அங்கேதான் உட்காருவார்கள். வெளியே மேல்தட்டுக்குப் போங்கள். காற்று அடிக்கத்தான் செய்யும், காது மூடுகிற குல்லாவும் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் போட்டால் தாங்கலாம். கோடையிலேயே 9, 10 டிகிரிதான்.

கடல் சிங்கத் தீவு வருவதற்கு முன்னால் வாடை வரும். காசிமேட்டில் மீன் இறக்குகிற நேரத்துக்குப் போனவர்களுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆண் விலங்கு பிடரி மயிரோடு பாறையின் உச்சியில் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும். குட்டிகள் தாய் மேல் ஏறி, சறுக்கி, மறுபடி ஏறிக்கொண்டே இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு படகு பக்கத்தில் மிதக்கும்போது அவை இருமுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது.

ஜனவரி 8, இரவு 8.20

“கலங்கரை விளக்கப் பாறை முழுக்க பென்குயின், ஆயிரக்கணக்கில்” என்று மேலே ஒருவர் படம் போட்டிருக்கிறார். படம் அருமை. ஆனால் அது பென்குயின் இல்லை, நீர்க்காகம். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, நிமிர்ந்து நிற்கும், அதனால் படகில் பாதிப் பேர் பென்குயின் பென்குயின் என்று கத்துவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்று இறக்கையை விரித்துப் பறந்துபோகும், கத்தல் அடங்கிவிடும்!

ஏமாற்றம் அடைய வேண்டாம், அதுவே பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டிய பறவை. கண்ணைச் சுற்றி நீல வளையம், மூக்கின் மேல் மஞ்சள் குமிழ். கடற்பாசியையும் எச்சத்தையும் குழைத்து மேடை மேடையாகக் கூடு கட்டி, ஒன்றை ஒன்று கொத்த எட்டாத தூரம் விட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். குஞ்சு தாயின் தொண்டைக்குள் கழுத்து வரை தலையை விட்டு இரை எடுப்பதை பைனாகுலரில் பார்த்தேன். தாய் அசையாமல் நிற்கிறது.

நிஜப் பென்குயின் வேண்டுமென்றால் இன்னும் கிழக்கே மார்ட்டில்லோ தீவு வரை போகிற நீண்ட சுற்று எடுக்க வேண்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மெகல்லன் பென்குயின்கள் இருக்கும், ஜென்டூவும் ஒரு கூட்டம் உண்டு. கோவை நண்பரே, பிப்ரவரி கடைசி உங்களுக்கு வசதியான நேரம்தான், ஆனால் அந்தச் சுற்றுக்கு நேரம் அதிகம் வேண்டும். ஒரே நாளில் ரயிலும் அதுவும் ஓடிப் பிடிக்கிற வேலையாகிவிடும். எனக்குக் கேட்டால் சின்னச் சுற்று போதும்.

ஜனவரி 9, காலை 6.10

கலங்கரை விளக்கம் பற்றி ஒரு திருத்தம், இந்த இழையிலேயே மூன்று பேர் எழுதிவிட்டதால். ஜூல்ஸ் வெர்ன் கதையில் வரும் ‘உலகக் கடைசிக் கலங்கரை விளக்கம்’ இது அல்ல. கதைக்குக் காரணமானது இன்னும் கிழக்கே எஸ்தாடோஸ் தீவில் 1884-ல் வைத்த சான் ஹுவான் விளக்கு, 1902-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். நாம் படகில் பார்க்கிற சிவப்பு வெள்ளை சிவப்புச் செங்கல் கோபுரம் 1920-ல் வந்தது, உயரம் 11 மீட்டர் அளவுதான்.

இந்தப் பாறைகளுக்குச் சொந்தக் கதை இருக்கிறது, இரவல் கதை தேவையில்லை. 1930 ஜனவரியில் ‘மான்டே செர்வான்டெஸ்’ என்ற ஜெர்மன் சுற்றுலாக் கப்பல் இங்கே பாறையில் மோதியது. ஆயிரத்துக்கும் மேல் பயணிகள், எல்லாரையும் கரை சேர்த்துவிட்டார்கள். இறந்தது கேப்டன் ஒருவர் மட்டும். அப்போது உஷுவாயாவின் மொத்த ஜனமே அந்தப் பயணிகளைவிடக் குறைவு. இத்தனை பேருக்குச் சோறும் இடமும் எங்கே? வீடுகளில் தங்க வைத்தார்கள், சிறையிலும் தங்க வைத்தார்கள். ரொட்டி சுட்டதும் சிறை அடுப்பில்தான்.

கோவை நண்பர் மறுபடி யோசிக்க வேண்டிய இடம் இது. அந்த அடுப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது? காலையில் ரயிலிலிருந்து பார்த்த பள்ளத்தாக்கிலிருந்து. ரயில் தனி, படகு தனி என்று பிரித்து, ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விடலாம் என்று கணக்குப் போடுகிறோம். அந்த ஊரில் அது இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம்.

ஜனவரி 9, மதியம் 12.40

சைவம் கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு: கிடைக்கும், கஷ்டம் இல்லை. ஊர் முழுக்கப் பெரிய நண்டும் சுட்ட ஆட்டுக்கறியும்தான், ஆனால் சீஸ் வெங்காயம் வைத்த எம்பனாடா, உருளைக்கிழங்கு ஞோக்கி, பீட்சா எந்தக் கடையிலும் உண்டு. காலையில் மெடியாலூனா ரொட்டியும் காபியும். கலஃபாத்தே பழ ஜாம் வாங்கி வாருங்கள், முள் செடியில் வரும் நீலக் கறுப்புப் பழம், துவர்ப்பும் புளிப்புமாக நம் களாக்காய்ப் பழத்துக்குப் பக்கத்தில் வரும். ரயிலில் ஏறும்போது கையில் கொஞ்சம் தீனி வைத்துக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் கடை குறைவு.

ஜனவரி 9, இரவு 10.05

எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம்.

கைதிகளுக்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள்? யாகன் மக்கள். ஆறாயிரம் வருஷத்துக்கு மேல் இந்தக் கால்வாயிலேயே மரப்பட்டைத் தோணியில் வாழ்ந்தவர்கள். குடும்பமே தோணியில், நடுவில் மண்ணும் கூழாங்கல்லும் பரப்பி அதன் மேல் அணையாத நெருப்பு. ஆண் முன்பக்கம் ஈட்டியோடு, பெண் பின்னால் துடுப்போடு. அந்தக் குளிர்த் தண்ணீரில் முங்கிச் சிப்பி எடுத்ததும் பெண்கள்தான். கரையில் எல்லாரையும் இறக்கிவிட்டு, தோணியைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் நீருக்கு மேல் மிதக்கிற கெல்ப் பாசிக் கொத்தில் கட்டிவிட்டு, அவள் நீந்தித் திரும்பி வருவாள். அந்தக் கெல்ப் கொத்துகள் இன்றும் பாறைகளைச் சுற்றி மிதக்கின்றன, படகிலிருந்து நன்றாகத் தெரியும்.

சில படகுகள் பிரிட்ஜஸ் தீவுகளில் ஒன்றில் கரை இறக்கிச் சிறிது தூரம் நடக்க விடுவார்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதை எடுங்கள். காற்று மறைந்த ஒரு சரிவில் புல் மட்டும் பளிச்சென்று பச்சையாக வட்ட வட்டமாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் பள்ளம். பள்ளம் குடிசை இருந்த இடம், சுற்றிலும் மேடு அவர்கள் தின்று எறிந்த சிப்பி ஓடு, தலைமுறை தலைமுறையாக. ஓரம் சரிந்த இடத்தில் ஓடுகள் தெரிந்தன, உள்பக்கம் இன்னும் ஊதா மின்னுகிறது. வழிகாட்டிப் பெண் எதையும் தொட வேண்டாம், மிதிக்க வேண்டாம் என்றார். யாரும் மிதிக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மூவாயிரம் பேர் அளவு இருந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கடல் சிங்கத்தையும் திமிங்கலத்தையும் வேட்டையாடி உணவைக் காலி செய்தார்கள். பிறகு நோய்கள். 1884-ல் அர்ஜென்டினா கொடி ஏற்றிய அதே காலத்தில் தட்டம்மை வந்து கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தாமஸ் பிரிட்ஜஸ் என்ற பாதிரியார் அவர்கள் மொழிக்கு 32,000 சொற்களில் அகராதி தொகுத்தார். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் கிறிஸ்டினா கால்டெரோன், எதிர்க்கரையில் நவாரினோ தீவில் வாழ்ந்தவர், 2022 பிப்ரவரியில் 93 வயதில் காலமானார். அவருடைய சந்ததிகளும் யாகன் சமூகமும் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அழிந்துபோன இனம் என்று பலகையில் எழுதுவதைப் பார்த்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்.

ரயில் பாதையில் மக்கரேனாவிலும் யாகன் குடிசை மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் அந்தச் சிப்பி மேட்டைப் பார்த்த பிறகு மாதிரி எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஜனவரி 10, காலை 7.00

முதல் நாள் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். ரயிலுக்குப் போங்கள் என்றேன், இரண்டு வழிக்கும் டிக்கெட் எடுங்கள் என்று சொல்லவில்லை. ஒருவழி போதும். திரும்பும்போதும் அதே பாதை, அதே காட்சி. அதற்குப் பதில் பூங்கா ஸ்டேஷனில் இறங்கி வேன் பிடித்து லபதாயா விரிகுடா போய்விடுங்கள். பியூனஸ் அயர்ஸிலிருந்து 3,079 கி.மீ. வந்து தேசிய நெடுஞ்சாலை 3 அங்கே முடிகிறது, பலகை வைத்திருக்கிறார்கள். பலகை முன்னால் வரிசை நிற்கும், அதைத் தாண்டி மரப்பலகை நடைபாதையில் தண்ணீர் ஓரம் வரை போங்கள். வழியில் மரக்கிளைகளில் மஞ்சள் உருண்டையாகப் பூஞ்சை காய்த்திருக்கும், யாகன் மக்கள் அதையும் தின்றார்கள். டார்வின் 1830-களில் வந்தபோது எடுத்துப்போனதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

2 மணிக்குள் ஊர் திரும்பினால் 3 மணிப் படகு கிடைக்கும். பூங்காவுக்குத் தனி நுழைவுக் கட்டணம் உண்டு, ரயில் டிக்கெட்டில் சேராது.

ஜனவரி 10, இரவு 9.15

சிறைக்குள் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரம் இருந்தால் கட்டாயம். இப்போது அருங்காட்சியகம். நடுவில் கூடம், அதிலிருந்து ஐந்து சிறகு, சிறகுக்கு 76 அறை, மொத்தம் 380. ஒருவருக்கு ஒரு அறை என்று கட்டியதில் 600-க்கு மேல் அடைத்திருக்கிறார்கள். சில சிறகுகளை வெளிச்சம் போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், ஒன்றை மட்டும் செப்பனிடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதில் நடந்தபோது ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன், கோடையிலேயே அவ்வளவு குளிர்.

சிமோன் ராடோவிட்ஸ்கி அங்கேதான் இருந்தார். தொழிலாளர் ஊர்வலத்தில் சுட்டுத்தள்ளிய போலீஸ் தலைவரை 1909-ல் குண்டு வீசிக் கொன்ற பதினெட்டு வயதுப் பையன். 1918-ல் தப்பிக் கடல் வழியாகப் போய், சிலியில் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1930-ல்தான் வெளியே விட்டார்கள். அவர் செய்தது சரியா தப்பா என்று இங்கே யாரும் சண்டை தொடங்க வேண்டாம், அதற்கு வேறு இழை போடுங்கள்.

கோடையில் வெளிச்சம் இரவு 10 மணி வரை இருக்கும், அதனால் படகு முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் போகலாம் என்று தோன்றும். மூடுகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டு திட்டம் போடுங்கள், வெளிச்சத்தை நம்பாதீர்கள்.

ஜனவரி 11, காலை 6.20

கோவை நண்பர் இரண்டுக்கும் டிக்கெட் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். மிக்க மகிழ்ச்சி.

கடைசியாக, காற்று. மேற்கிலிருந்து பலமாக அடித்தால் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள், படகு ஒன்றும் நகராது. ரயில் அப்போதும் ஓடும். உங்களுக்கு ஒரே முழு நாள் என்பதால், ஊரில் இறங்கின சாயங்காலமே படகுத்துறைக் கவுண்டருக்கு நடந்துபோய் மறுநாள் காற்று எப்படி என்று கேட்டுவிடுங்கள். மதியம் மோசம் என்றால் காலைப் படகுக்கு மாற்றிக்கொண்டு மதிய ரயிலில் போகலாம். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் வேலை செய்யாது.